காவிரிக்கரையில் இத்தாலிய ஒயின்

வாழை விளைவிக்கும் தொட்டியத்துக்காரருக்கு இத்தாலிய ஒயின் பாட்டிலின் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்றால் ரகம். விருப்பாச்சி, சிறுமலை என்றால் ஊர். வாழை போடுகிற யாருக்கும் இது தெரியும். இத்தாலியிலும் ஒயினுக்கு இப்படி இரண்டு விதமாகப் பெயர் வைக்கிறார்கள். பரோலோ, வடமேற்கே பியட்மாண்ட் பகுதியில் இருக்கும் ஊர். அந்த ஒயினுக்கு நெபியோலோ திராட்சை மட்டும்தான். கியாந்தி, டஸ்கனியின் குன்றுப் பகுதி. அங்கே முதன்மையான திராட்சை சாஞ்சொவேசெ. புதியவர் தடுமாறுவது மான்டேபுல்சியானோவில்தான். டஸ்கனியில் அது ஊர்ப்பெயர், அப்ருட்சோவில் ரகத்தின் பெயர்.

ஊர்ப்பெயரை வேற்றூரார் எடுத்துக்கொள்ளாமல் காக்க அவர்கள் பட்ட பாடு பெரிது. கியாந்தியின் எல்லையை டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ 1716-லேயே வரையறுத்து ஆணையிட்டார். லேபிளில் காணும் டி.ஓ.சி. என்ற எழுத்துகள் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தவை. நம் புவிசார் குறியீட்டுக்கு அது அண்ணன் முறை.

இத்தாலிய ஒயின் நமக்குப் புதிய விருந்தாளியும் அல்ல. தொட்டியத்திலிருந்து காவிரியைக் கடந்து மேற்கே போனால் கரூர். அங்கே அகழாய்வில், ஒயின் ஏற்றிவரப் பயன்பட்ட ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய, புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டிலும் இத்தகைய சாடிகள் வந்தன. அவற்றுள் இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் எழுதிய எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு, குஜராத்தின் பரூச் துறையில் இத்தாலிய ஒயினுக்கே மதிப்பு அதிகம் என்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை யவனர் கொண்டுவந்த தேறலைப் பருகி வாழ்க என்று வாழ்த்துகிறார்.

உறவு இன்னும் நெருக்கமானது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று ஸ்கியாவா க்ரோசா, இத்தாலியின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் விளைவது. மற்றது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இத்தாலியின் பான்டெல்லேரியா தீவில் அதை வெயிலில் உலர்த்தி இனிப்பு ஒயின் செய்கிறார்கள். அங்கே கொடியைக் குழியில் குட்டையாக வளர்க்கும் முறையை யுனெஸ்கோ 2014-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எனவே பன்னீர் திராட்சையின் மணம் பழகிய நாக்குக்கு, தொடக்கம் மஸ்கட் வகைதான் என்பேன். அவ்வகையைச் சேர்ந்த மொஸ்காட்டோ தாஸ்தி ஐந்து சதவீத அளவுக்கே ஆல்கஹால் கொண்டது. லேசான இனிப்பு, மெல்லிய நுரை. மிளகாய்க் காரத்தோடு ஒத்துப்போகும். பரோலோவை முதலில் வாங்காதீர்கள். அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை எரிச்சலாக்கிவிடும். அதற்கு முன்பு கியாந்தி. அதன் புளிப்பு தக்காளி சேர்த்த சமையலுக்கு இணங்கும்.

திருச்சி வெயில்தான் ஒயினுக்கு எமன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருகச் சொல்வது ஐரோப்பிய அறையை நினைத்து. இங்கே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே திறக்க வேண்டும். வெயில் படும் அலமாரியில் கிடந்த பாட்டிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்த்து வாருங்கள். இந்த வணிகத்தின் வரலாற்றை அறிய அதுவே போதும்.