முத்தியால்பேட்டையில் பனி பெய்யாது

பிரெஞ்சுப் பாடநூல் எதை எடுத்தாலும் நாலைந்து பாடம் தாண்டுவதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிடும். கையுறை, கம்பளிக் கோட்டு, இலையுதிர்காலம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு அக்கினி நட்சத்திரம் தெரியும், ஐப்பசி மழை தெரியும். பனியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆகவே பாடத்தை நம்ம ஊர் நாட்காட்டிப்படியே நடத்துகிறேன்.

வைகாசியில் வில்லியனூர்த் தேர். திருக்காமீசுவரர் கோயில் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம்பிடித்து இழுப்பார். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். இழுத்தார், இழுக்கிறார், இழுப்பார் என்று ஒரே வினையை வைத்து மூன்று காலத்தையும் முடித்துவிடுவேன். அடுத்து ஜூன் 21, இசை விழா. 1982-இல் பிரான்சு அரசு தொடங்கியது, இங்கேயும் வந்துவிட்டது. 1889 முதல் இங்கே பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்சு பிரான்சேசுக்குப் பிள்ளைகளை அன்று அனுப்பிவிடுவேன். பாட்டு புரியாவிட்டாலும் காது பழகும்.

ஆனால் என் வகுப்பில் ஜூலை 14-தான் பெரிய நாள். 1789-இல் பாரிஸ் மக்கள் பஸ்தீய் சிறைக்கோட்டையைத் தகர்த்த நாளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அப்போது இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருக்கலாம் என்றார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள் பலர் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். என் தாத்தாவும் ஒரு சொல்தா. அப்படி எழுதிக்கொடுத்த குடும்பங்கள் இங்கே இருப்பதால்தான் பிரான்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலும் வாக்குச்சாவடி போடுகிறார்கள். ஜூலை 13 இரவு விளக்கேந்திய ஊர்வலம். மறுநாள் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம். பதக்கம் குத்திய பெரியவர்கள் நிமிர்ந்து நிற்க, இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும். நவம்பர் 11-இல், 1918-இல் முதல் உலகப் போர் நின்ற நாளுக்காக, அதே இடத்தில் மறுபடியும் அஞ்சலி. அது மழைக்காலம், குடையோடு போக வேண்டும்.

டிசம்பரில் விவிக்கம். ரவை, நெய், ரம்மில் ஊறிய உலர்பழம் சேர்த்துச் சுடுகிற புதுச்சேரி கிறிஸ்துமஸ் கேக். பாரிஸ் பேக்கரியில் கேட்டால் விழிப்பார்கள். செய்முறையை பிரெஞ்சில் எழுதிவரச் சொன்னால் அளவுச் சொற்கள் அத்தனையும் தானாக வந்துவிடும்.

பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அங்கே சில ஓட்டல்களின் மெனு அட்டையில் உள்ள பிரெஞ்சைச் சிவப்பு மையால் திருத்த எனக்குக் கை பரபரக்கும்.

மொழி கடினமா என்று பெற்றோர் கேட்பார்கள். நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசுகிற நமக்கு பிரெஞ்சிலும் அந்தப் பிரிவு இருப்பது பெரிய உதவி. சிக்கல் அஃறிணையில். நாற்காலி பெண்பால், அதற்கே கைப்பிடியும் மெத்தையும் வைத்தால் ஆண்பால். ஏன் என்று கேட்காதே, மனப்பாடம் செய் என்பதுதான் என் பதில். எண்களும் அப்படித்தான்: எழுபதை அறுபது-பத்து என்பார்கள், எண்பதை நான்கு-இருபது என்பார்கள். தொண்ணூற்றொன்பதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பாதிப் பேர் பள்ளி மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள், மீதிப் பேர் பிரான்சுக்குப் போக. இரண்டும் எனக்குச் சம்மதமே. ஆனால் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: பிரெஞ்சுக் குடியுரிமைக்கு முன்பு பி1 நிலை மொழித்திறன் போதுமாக இருந்தது, 2026 ஜனவரி முதல் பி2 வேண்டும். பி1-இல் அன்றாட விஷயங்களைப் பேசினால் தப்பித்துவிடலாம். பி2 வாய்மொழித் தேர்வில் ஒரு கருத்தை எடுத்து வாதாடி நிலைநிறுத்த வேண்டும். வாதாட நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், தலைப்பு மட்டும் தெரிந்த ஊர் விஷயமாக இருக்க வேண்டும். காந்தி வீதி ஞாயிறு சந்தையை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கொடுத்துப் பார்த்தேன். மாற்றலாம் என்ற பக்கம் பேச இதுவரை ஒருவரும் கை தூக்கவில்லை. அந்தப் பக்கத்தை நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.