முப்பது யோசனைத் தூரம்

"அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் நம் முன்னோர் பெரும்பாலும் பொழுதைக் கொண்டே விடை சொன்னார்கள். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து சேரும் தொலைவு 'நாழிகை வழி' எனப்பட்டது. மைலும் கிலோமீற்றரும் வந்த பின்னர்தான் தூரம் வேறு, நேரம் வேறு என்றாயின.

வான்வழிப் பயணம் ஒன்றுக்கு அளவு சொல்லும் நம் காப்பியம் மணிமேகலை. புகாரின் உவவனத்திலிருந்து மணிமேகலையை மணிமேகலா தெய்வம் இரவோடிரவாக எடுத்துச் சென்று, தெற்கே 30 யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத்தில் விடுகிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர், மறுப்பாரும் உளர். நயினாதீவு என்றே கொண்டால், பூம்புகாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். யோசனை ஒன்றுக்கு ஆறு கிலோமீற்றர்கூடத் தேறாது. யோசனையின் அளவு நூலுக்கு நூல் மாறுவது. ஆகவே கணக்கை விட்டுவிடலாம். திசை மட்டும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. நேர் தெற்கு!

அதே கடலின் மேலாக இன்றைய விமானங்கள் பறக்கின்றன. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை ஏறத்தாழ 645 கிலோமீற்றர். பலாலியிலிருந்தோ 355தான். ஆனால் கால அட்டவணையில் இரண்டுக்குமே ஏறக்குறைய ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் குறிக்கப்படுவதுண்டு. காரணம் எளிது. பலாலியின் ஓடுபாதை குறுகியது. அங்கு இறங்கியவை மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் விசிறி பூட்டிய சிறு விமானங்கள். ஜெற் விமானம் 800ஐத் தாண்டும். தரையில் ஊர்ந்து செல்வதும், ஏறுவதும், இறங்குவதும் குறுகிய பயணத்துக்கும் உண்டல்லவா?

1947 டிசெம்பர் 10 அன்று எயர் சிலோன் தன் முதற் பயணத்தை நடத்தியபோது, இரத்மலானையில் எழுந்த டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில் இறங்கியே சென்னை சென்றது. போர்க்காலத்தில் அந்த வழி அடைபட்டது. சென்னை செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் கொழும்புக்கு வரவேண்டும். 1990களின் முற்பகுதியில் அதற்கே கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் படகேறி, வவுனியாவில் அனுமதிச் சீட்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. பின்னர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜில் தங்கல். அதன் பிறகே கட்டுநாயக்க. கட்டுநாயக்கவையும் சென்னையையும் வரைபடத்தில் ஓர் அடிமட்டத்தால் இணைத்துப் பாருங்கள். கோடு யாழ்ப்பாண நகரின் மேலாகவே செல்லும்! ஆயிரம் கிலோமீற்றர் அலைந்தவர், விட்டு வந்த வீட்டின் மேலாகத்தான் வடக்கே போனார். அந்த ஆண்டுகளில் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஒரு கிழமை" என்பதே நேர்மையான விடை. நாழிகை வழிக்கே நாம் திரும்பியிருந்தோம்.

2019 நொவெம்பர் 11 அன்று பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியது. 2020இல் கொவிட் தொற்றினால் நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2025இல் திருச்சிக்கும் சேவை ஆரம்பமாயிற்று. அது ஏறத்தாழ 185 கிலோமீற்றர், மணிமேகலை பறந்த தொலைவுக்கு மிக அருகில். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மை மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். அவளிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.