ரைஃபிள் கட்டையும் எபாக்ஸி படுகையும்: குறி ஏன் நகர்கிறது?

ஒரே இன்புட் கொடுத்து இரண்டு விதமான அவுட்புட் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது தொழில் வியாதி. வேட்டை ரைஃபிள்களைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் இந்த அரிப்பால்தான். அமெரிக்காவில் ஒருவர் ஆகஸ்டில் ரைஃபிளைக் குறி சரிபார்த்து வைக்கிறார். நவம்பரில் மான் சீசன் வருகிறது. அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே ஆள். ஆனால் குண்டு சில அங்குலம் தள்ளி விழுகிறது. ஸ்கோப்பை யாரும் தொடவில்லை. அப்புறம் எது மாறியது?

பெரும்பாலும் பதில், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்தில் இருக்கிறது. இரும்பும் கட்டையும் சந்திக்கும் இடம். அந்த இடத்தைச் சரிசெய்வதற்குத்தான் 'பெடிங்' என்று பெயர். ஆற்றுக்குப் படுகை மாதிரி, இரும்புக்கு ஒரு படுகை போடுவது.

இரண்டு திருகில் நிற்கும் உறவு

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பிரித்தால் அடிப்படையில் இரண்டே துண்டுகள். மேலே, பேரலும் ரிசீவரும் சேர்ந்த இரும்பு. கீழே, நாம் பிடித்துத் தோளில் வைக்கிற கட்டை, அதாவது ஸ்டாக். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பொதுவாக இரண்டு திருகுகள். ஸ்கோப் இரும்பின் மேல் இருப்பதால் கட்டை எப்படி இருந்தால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்.

துல்லியத்தை இவர்கள் எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்கிறார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது ஒரு அங்குலத்துக்குச் சற்றே அதிகம். 22 அங்குல பேரலை விறைப்பான குச்சி என்று வைத்துக்கொண்டால், ஒரு எம்ஓஏ விலகலுக்கு முனை நகர வேண்டிய தூரம் சுமார் 0.16 மில்லிமீட்டர். இரண்டு காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம், அவ்வளவுதான்.

இப்போது மரத்தைப் பாருங்கள். கட்டை செய்யப் பயன்படும் அமெரிக்கக் கறுப்பு வால்நட், பச்சையாக இருந்து முழுக்க உலரும்போது வளையங்களின் போக்கில் சுமார் 7.8 சதவீதம் சுருங்குகிறது. ஆரத்தின் போக்கில் 5.5 சதவீதம். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையில் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறினால் அகலம் அரை மில்லிமீட்டர் வரை மாறலாம். நார் ஒரே நேராக ஓடாத கட்டை என்றால் ஊதுவதோடு நிற்காமல் பக்கவாட்டில் வளையவும் செய்யும். வளைந்து பேரலை ஒரு பக்கமாகத் தள்ளினால் குறி போச்சு.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்க மரைன் படை 1966-ல் ரெமிங்டன் 700-ஐ அடிப்படையாக வைத்து எம்40 என்ற ஸ்னைப்பர் ரைஃபிளை எடுத்தது. மரக்கட்டை. வியட்நாமின் ஈரத்தில் அந்தக் கட்டைகள் ஊதி வளைந்தன. 1970களில் வந்த எம்40ஏ1-ல் மரத்தைத் தூக்கிவிட்டு மெக்மில்லன் ஃபைபர்கிளாஸ் கட்டையைப் போட்டார்கள். ராணுவத்தின் எம்24, 1988-ல், எச்-எஸ் பிரிசிஷன் கட்டையோடு வந்தது. அதன் உள்ளே அலுமினியப் பாளமே படுகை.

உதையைத் தாங்கும் பல்

இரண்டாவது விஷயம், பின்னுதைப்பு. 9.7 கிராம் குண்டு பேரலுக்குள் அரை மீட்டர் முன்னே போவதற்குள், 3.6 கிலோ ரைஃபிள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பின்னே வந்துவிடுகிறது. எல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமான நேரத்தில். குண்டு வெளியே போகும் முன்பே ரைஃபிள் நகர ஆரம்பித்துவிட்டது என்பதுதான் இதில் முக்கியம்.

அந்த நேரத்தில் இரும்பு, கட்டையையும் தன்னோடு பின்னே தள்ளியாக வேண்டும். அதைச் செய்வது ரிசீவரின் முன்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பல் போன்ற பகுதி, ரிகாயில் லக். கட்டை மட்டும் 900 கிராம் இருந்தால், .30-06 தோட்டாவுக்கு அந்தப் பல்லின் பின்முகத்தில் வரும் சராசரி விசை, என் தோராயக் கணக்கில், 200 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். பல் ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் இரும்பு கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் வேறு இடத்தில் உட்காரும். இன்புட் ஒன்று, அவுட்புட் வேறு.

இந்தப் பல் ஒவ்வொரு ரைஃபிளிலும் ஒவ்வொரு மாதிரி. மௌசர் 98-லும் வின்செஸ்டர் மாடல் 70-லும் அது ரிசீவரோடு ஒரே துண்டு. 1962-ல் வந்த ரெமிங்டன் 700-ல் ரிசீவர் உருளை. பல், பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் நெருக்கி வைத்த தனித் தகடு. உருளை என்பதால் வெளிச்சந்தைக் கட்டை செய்பவர்களுக்கு வேலை சுலபம். 'வாங்கி அப்படியே மாட்டு' வகைக் கட்டைகள் இதற்கு ஏராளமாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒட்டுவதற்கு முன் அளந்து பார்

அப்படியே மாட்டினால் போதுமா? சில நேரம் போதும். உள்ளே நல்ல அலுமினியப் பாளம் உள்ள கட்டையென்றால் பெடிங் தேவைப்படாமலே போகலாம். ஆனால் கட்டையை ஒருவர் செய்கிறார், ரிசீவரை இன்னொருவர் செய்கிறார். இருவரின் அளவுப் பிழையும் எங்கே சந்திக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே எபாக்ஸியைக் கையில் எடுக்கும் முன் இரண்டு சோதனை. (இதைத் தொடங்கும் முன் ரைஃபிள் காலி என்று அறையையும் மேகஸினையும் பார்த்து உறுதி செய்வது முதல் வேலை.)

முதலாவது, காகிதச் சோதனை. ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ரிசீவர் வரை இழுப்பார்கள். நோட்டின் கனம் சுமார் 0.11 மில்லிமீட்டர். எங்காவது மாட்டினால் அங்கே தொடுகிறது. ஒரு எச்சரிக்கை: சில தொழிற்சாலைக் கட்டைகளில் முனையருகே வேண்டுமென்றே ஒரு அழுத்தப் புள்ளி வைத்திருப்பார்கள். அதைச் சீவினால் மெல்லிய பேரல் சில நேரம் மோசமாகவே சுடும். சுட்டுப் பார்த்துவிட்டுச் சீவுவது நல்லது.

இரண்டாவது, திருகுச் சோதனை. டயல் இண்டிகேட்டரைப் பேரலில் பிடித்து அதன் முனையைக் கட்டையில் வைத்து, முன் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், திருகு இறுக்கும்போது இரும்பு வளைக்கப்படுகிறது என்று அர்த்தம். அப்போதுதான் பெடிங்குக்கு வேலை.

படுகை போடும் விதம்

வேலையின் தத்துவம் எளிது: இரும்புக்கு ஏற்றபடி கட்டையைச் செதுக்கிச் செதுக்கிப் பொருத்துவதற்குப் பதிலாக, குழைவான எபாக்ஸியை ஊற்றி, இரும்பையே அச்சாக வைத்துவிடுவது. அக்ராகிளாஸ், டெவ்கான், மரீன்-டெக்ஸ் எல்லாம் இதற்கு வழக்கமானவை.

மரக்கட்டை என்றால் முதலில் திருகுத் துளைகளில் அலுமினியக் குழாய்கள், பில்லர்கள். திருகின் இறுக்கம் மரத்தை நசுக்காமல் உலோகத்தில் போய் நிற்கும். அடுத்து, பல்லைச் சுற்றியும் ரிசீவரின் அடியிலும் பின் வாலிலும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டைகளில் எபாக்ஸி சரியாக ஒட்டாது; அங்கே சின்னத் துளைகள் போட்டு அது பிடித்துக்கொள்ள இடம் தர வேண்டும்.

பல்லின் முன்புறம், பக்கங்கள், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டுவார்கள். பின்முகத்தில் மட்டும் ஒட்டமாட்டார்கள். ஏனென்றால் அந்த ஒரு முகம் முழுதாகப் படிய வேண்டும், மற்றவை தொடவே கூடாது. ரிசீவரின் துளைகளையும் பள்ளங்களையும் பிளே களிமண்ணால் அடைத்துவிட்டு, எல்லா இரும்பிலும் ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஏஜென்ட் பூச வேண்டும். கிவி ஷூ பாலிஷையே இதற்குப் பூசுகிறவர்கள் நிறைய. இந்த இரண்டு படிகளில் அலட்சியம் காட்டினால் ரைஃபிள் ஒரே துண்டாகிவிடும், பிரிக்கவே முடியாது.

பிறகு எபாக்ஸி, அதன் மேல் இரும்பு. திருகை இங்கே இறுக்கக் கூடாது. இறுக்கினால் வளைந்த நிலையையே அச்செடுத்த மாதிரி ஆகும். வழிகாட்டி முளைகளை வைத்து, லேசாக டேப் சுற்றி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும்.

மாட்டியபின் பார்க்க வேண்டியவை

புதுக் கட்டையில் கனம் மாறுவதால் திருகு நீளமும் மாறுகிறது. ரெமிங்டன் 700-ல் முன் திருகு நீண்டுவிட்டால் போல்ட்டின் வழியில் முட்டும். மேகஸின் பெட்டி மேலும் கீழும் கொஞ்சம் ஆட வேண்டும். நெரிந்தால் திருகுகள் ரிசீவருக்குப் பதில் பெட்டியைத்தான் இறுக்குகின்றன. டிரிகரும் சேஃப்டியும் எங்கும் உரசாமல் இயங்க வேண்டும். இதைக் காலி ரைஃபிளில் பலமுறை பார்த்தபின்தான் தோட்டா. திருகை டார்க் ரென்ச்சில் இறுக்கி எண்ணை எழுதி வைக்க வேண்டும். அலுமினியப் பாளத்துக்கு 65 அங்குல-பவுண்டு என்பது பரவலான எண். வெறும் மரத்துக்கு அவ்வளவு ஆகாது; கட்டை செய்தவர் சொல்வதே கணக்கு.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்றால், இலக்கு காகிதமாக இருக்கும்வரை பெரிய விஷயமில்லை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம். நடுவில் குறிவைத்தவனுக்கு 10 சென்டிமீட்டர்தான் பிழைக்கு இடம். குறி மூன்று எம்ஓஏ நகர்ந்திருந்தால் 200 கஜத்தில் குண்டு 16 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. அந்த மான் அங்கேயே விழாது. வயிற்றிலோ காலிலோ காயத்தோடு காட்டுக்குள் ஓடும். வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். வேட்டையை ஏற்றுக்கொண்டவர்கள்கூட இந்த முடிவை ஏற்பதில்லை. கட்டையை மாற்றியவர் மறுபடி குறி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது என்று அவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.