ஏலம் கேட்டவர் எங்கே?

சம்பள நாளன்று தோட்டத்து மளிகைக்கடைக்காரர் பற்று வரவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்த காட்சி நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கடன் சொன்னவர் எந்த லயத்தில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இன்று நம் பெண்கள் கைப்பேசியில் நடத்தும் கடைக்கு அந்த வசதி இல்லை.

இரவுச் சமையல் முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு, முகநூல் நேரலையில் சேலையை விரித்துக் காட்டி ஏலம் விடுகிறார் ஒரு சகோதரி. "எண்பது", "எண்பத்தைந்து" என்று போட்டி போட்டுக் கேட்கிறார்கள். மறுநாள் பணம் கேட்டுச் செய்தி அனுப்பினால் பதில் இல்லை. படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி மட்டும் விழுகிறது.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 60 வெள்ளிக்கு வாங்கிய சேலையை 85 வெள்ளிக்கு விற்றால் லாபம் 25 வெள்ளி. "நாளைக்குப் போடுகிறேன் அக்கா" என்ற சொல்லை நம்பி, 8 வெள்ளி அஞ்சல் செலவும் செய்து அனுப்பி, பணம் வராமல் போனால் கைமுதலில் 68 வெள்ளி போயிற்று. அதை ஈடுகட்ட இன்னும் மூன்று சேலை விற்றாக வேண்டும்! பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் இப்படித்தான் காணாமல் போகிறது.

தாமதம் வேறு, ஏமாற்று வேறு

பணம் தாமதமானதும் திட்டித் தீர்க்க வேண்டாம். வாங்குகிறவரும் நம்மைப் போன்ற சம்பளக்காரராக இருக்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7ஆம் நாளுக்குள் முதலாளி சம்பளம் கொடுத்தால் போதும். ஆகவே, 28ஆம் தேதி ஏலம் கேட்டவர் மறுமாதம் 7ஆம் தேதிவரை உண்மையிலேயே காத்திருக்கலாம். "எந்தத் தேதியில் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். தேதி சொல்பவருக்குப் பொருளை எடுத்து வையுங்கள். முடிந்தால் ஒரு சிறு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதியே சொல்லாதவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

முதலிலேயே சொல்லுங்கள்

ஏலம் தொடங்கும் முன்பே நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும், அஞ்சல் செலவு யாருடையது, கட்டாவிட்டால் அடுத்த விலை கேட்டவருக்குப் பொருள் போகும் என்பவை. ஏலம் முடிந்த அன்றிரவே பொருள், விலை, அஞ்சல் செலவு, கடைசித் தேதி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். அதுதான் உங்கள் பற்று வரவுப் புத்தகம்.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டமும் விற்பவருக்குத் துணை நிற்கிறது. ஏலம் முடிந்தது என்று அறிவித்ததும் விற்பனை உறுதியாகிவிடுகிறது; அதற்கு முன்புதான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். பணம் வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். வேறொருவருக்கு விற்கப் போவதாகத் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் பணம் வராவிட்டால் மறுபடியும் விற்கலாம்.

ரசீதை நம்பாதீர்கள்

பணம் கட்டியதாகப் படம் அனுப்புவார்கள். படத்தைத் திருத்துவது எளிது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே பொட்டலத்தை அனுப்புங்கள். "தவறி அதிகமாகப் போட்டுவிட்டேன், மீதியை உடனே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பொருளும் போய்விட்டதா?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒன்று உண்டு. 5,000 வெள்ளிவரை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கேட்கலாம். அதற்குரிய பாரம் 164. வாங்கியவரின் உண்மைப் பெயரும் முகவரியும், எழுதிக்கொண்ட செய்திகளும், அஞ்சல் ரசீதும் கையில் வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாங்குகிறவர்களுக்காக ஏற்பட்டது. விற்றவர் பாக்கியை வசூலிக்க அங்கே போக முடியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பணம் தராதவரின் படத்தையும் அடையாள அட்டையையும் முகநூலில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். அவதூறு வழக்கு நம் தலையிலேயே விழலாம். 85 வெள்ளிக்காக அவர் பிள்ளைகளும் தலைகுனிவார்கள்.

சகோதரிகளே, பொருள் நம் கையில் இருக்கும்வரை பலமும் நம் கையில்தான். சிரித்த முகத்தோடு விலை சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு பொட்டலத்தைக் கட்டுங்கள்.