இமை எனும் உறை

அரபு மொழியில் ‘ஜஃப்ன்’ என்னும் சொல் கண்ணிமையைக் குறிக்கும். வாளின் உறையையும் குறிக்கும். கூரிய வாளுக்கு உறை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கண்ணுக்கு இமை என்பதை அம்மொழியினர் உணர்ந்திருந்தனர் போலும். தமிழில் ‘இமை’ என்பது உறுப்பின் பெயராகவும் அவ்வுறுப்பின் தொழிலைச் சுட்டும் வினையாகவும் நிற்கிறது. தொல்காப்பியரும் எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடிப்பையுமே அளவாகக் கொண்டார்.

ஃபிக்ஹுப் பாடத்தில் உறுப்புகளுக்கான ‘தியத்’ எனும் இழப்பீட்டை விளக்குகையில், மாணவர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. ஓர் இமையைச் சிதைத்தவன் முழு இழப்பீட்டில் நான்கில் ஒரு பங்கு தர வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலைப்பாடு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், பார்வையற்றவரின் இமைக்கும் இதுவே சட்டம் எனத் தெளிவுபடுத்துகிறார்கள். பார்வை இழந்த கண்ணுக்கே முழு இழப்பீடு இல்லாதபோது, அதனை மூடும் இமைக்கு மட்டும் ஏன் முழு மதிப்பு? இமைக்குத் தனக்கென அழகும் பயனும் உண்டு என்பதே ஃபகீஹ்கள் கூறும் காரணம். அப்பயன் யாது என்பதை இமைப்பின் இயல்பை ஆராய்வோர் நன்குணர்வர்.

விழித்திருக்கும் மனிதர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். நிமிடத்திற்கு 15 எனக் கொண்டாலும், 16 மணி நேர விழிப்பில் இது 14,400 முறையாகும். ஒவ்வோர் இமைப்பும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரையே நீடிக்கிறது.

கண்ணின் முன்புறத்தில் கார்னியா எனப்படும் ஒளிபுகும் படலம் உள்ளது. ஒளி தடையின்றி ஊடுருவ வேண்டுமாதலால் அதில் இரத்த நாளங்கள் இல்லை. விழித்திருக்கும்போது அதற்குரிய உயிர்வளியின் பெரும்பகுதி கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே கிடைக்கிறது. எனவே அதன்மீது கண்ணீர்ப் படலம் ஒன்று எந்நேரமும் பரவியிருத்தல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே தடிப்புள்ள இப்படலத்தில் மூன்று கூறுகள் உள்ளன. அடியிலுள்ள சளிமக்கூறு கண்ணீரைக் கண்ணோடு ஒட்டச் செய்கிறது. இடையிலுள்ள நீர் ஊட்டம் தருகிறது. மேலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் அந்நீர் ஆவியாகாமல் தடுக்கிறது. இவ்வெண்ணெயைச் சுரப்பவை இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்த சுரப்பிகள். 1666ஆம் ஆண்டு அவற்றை விரித்துரைத்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயராலேயே அவை வழங்குகின்றன.

சில நொடிகளில் இப்படலம் ஆங்காங்கே கிழியத் தொடங்கும். அதற்குள் மேலிமை இறங்கி அதனைப் புதுப்பிக்கிறது. இமைகள் கடைக்கண்ணில் மூடத் தொடங்கி மூக்கின் பக்கமாக நெருங்கி வருவதால், பழைய கண்ணீரும் தூசியும் அத்திசையில் தள்ளப்படுகின்றன. அங்குள்ள நுண்துளைகள் வழியே அந்நீர் மூக்கிற்குள் வடிகிறது. அழும்போது மூக்கிலும் நீர் வழிவதன் காரணம் இதுவே. அதே கணத்தில் இமையின் அழுத்தத்தால் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் கசிந்து பரவுகிறது. கண்ணீரில் கிருமிகளைச் சிதைக்கும் லைசோசைம் எனும் பொருளும் உண்டு. அதனை 1922ஆம் ஆண்டு அறிவித்தவர், பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஆவார்.

தூசியோ பூச்சியோ கண்ணைத் தீண்டினால் இமை மூடுவது வேறு வகை. முகத்தின் உணர்வு நரம்பு செய்தியை மூளைத்தண்டிற்குக் கொண்டு செல்ல, முக இயக்க நரம்பு இமையை மூடச் செய்கிறது. நாம் எண்ணித் துணியும் முன்பே இது நிகழ்ந்து முடிகிறது. மூளைத்தண்டு செயல்படுகிறதா என்பதை அறிய மருத்துவர்கள் பஞ்சிழையால் கார்னியாவைத் தொட்டுப் பார்ப்பதும் இதனாலேயே.

இத்தனை முறை கண் மூடியும் உலகம் இருண்டு தோன்றாதது ஏன்? 1980ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வியக்கத்தக்க சோதனை ஒன்றை வெளியிட்டனர். வாயின் மேலண்ணம் வழியே கண்ணிற்குள் ஒளியைச் செலுத்தினர். இவ்வொளியை இமையால் மறைக்க இயலாது. ஆயினும் இமைக்கும் கணத்தில் அவ்வொளியின் மாற்றத்தை உணரும் திறன் குறைந்தது. இருளை உணராதிருக்கும்படி மூளையே அக்கணத்தில் பார்வையைத் தணித்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கியது.

இமை தன் பணியில் தவறும்போதே அதன் அருமை புலப்படுகிறது. முகவாதத்தாலும் தொழுநோயாலும் முக நரம்பு செயலிழந்தால் இமை மூடாது. கார்னியா வறண்டு புண்ணாகும். பார்வையே பறிபோகவும் கூடும். ட்ரக்கோமா எனும் தொற்று முற்றினால் இமை உட்புறம் மடிந்து, ஒவ்வோர் இமைப்பிலும் முடிகள் விழியை உராயும். காக்கும் உறுப்பே காயப்படுத்தும் உறுப்பாகிறது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோயை இந்தியா நீக்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. இமை பிறழ்ந்த நிலையை அரபியர் ‘ஷதர்’ என்றனர். யர்மூக் போரில் இமையில் காயமுற்றதால்தான் மாலிக் இப்னுல் ஹாரிஸ் ‘அல்அஷ்தர்’ என்று வரலாற்றில் நிலைத்தார். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸாவும் தமது ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ நூலில் இமை நோய்களை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நமது காலத்தின் கேடு வேறு வகையானது. கண்ணை ஓரிடத்தில் ஊன்றி வாசிக்கையில் இமைப்பு வெகுவாகக் குறைகிறது. கணினி, கைப்பேசித் திரைகளின் முன் இமைகள் பல நேரங்களில் முழுமையாக மூடுவதும் இல்லை. நாமும் ஓராண்டு இரவு பகலாக அச்சுப்படி திருத்தியபோது கண்ணெரிச்சலால் அவதியுற்றோம். பார்வை மங்குகிறதோ என அஞ்சிச் சென்றபோது, மருத்துவர் சோதித்துவிட்டுக் கூறியது இதுதான்: “கண்ணில் குறையில்லை, நீங்கள் இமைக்க மறந்துவிடுகிறீர்கள்.” இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் இருபது நொடிகள் பார்க்குமாறும், முழுமையாக இமைக்குமாறும் அறிவுறுத்தினார். நாள்தோறும் நெடுநேரம் ஓதும் ஹிஃப்ழு மாணவர்க்கும் திரையில் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லித் தருவது ஆசிரியர், பெற்றோரின் கடமையாகும். எரிச்சலோ உறுத்தலோ நீடித்தால் மருத்துவரை நாடுவதில் தயக்கம் கூடாது.

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். பார்வை இல்லாத கண்ணும் உயிருள்ள கண்ணே. அதுவும் வறளும், அதிலும் தூசி விழும், அதுவும் புண்ணாகி நோவும். இமை காப்பது பார்வையை மட்டுமன்று, பார்வையற்றவரின் கண்ணையும் அது அவ்வாறே காக்கிறது. வாள் மழுங்கிவிட்டது என்பதற்காக உறையைக் கிழித்தவன் குற்றத்திலிருந்து விடுபடுவதில்லை என்ற நீதியைத்தான் அச்சட்டம் நமக்குக் கற்பிக்கிறது.