போர்முனைக்கு வந்த சைபர் வீரர்கள்

சைபர் போர் என்றால் தலைநகருக்கு அருகே ஒரு கட்டடத்தில் கணினித் திரைமுன் அமர்ந்து நடத்துவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2010இல் மேரிலாந்து மாநிலத்தின் போர்ட் மீட் தளத்திலிருந்து இயங்கத் தொடங்கிய அமெரிக்க சைபர் கட்டளையகமும் அத்தகைய மைய அமைப்பாகவே உருவானது. ஆனால் போர்க்களத்தில் எதிரி கையாளும் கருவிகள் எல்லாம் உலக இணையத்தோடு இணைந்தவை அல்ல. ஒரு கிராமத்து வீட்டின் வைஃபை பெட்டியையோ, காவலாளியின் வாக்கிடாக்கியையோ அணுக வேண்டுமானால், அதன் அலை எட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

இத்தேவையை உணர்ந்த அமெரிக்கத் தரைப்படை, 2015இல் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கி, சில ஆயிரம் வீரர்களைக் கொண்ட பிரிகேடுகளின் பயிற்சிகளுக்கு சைபர் வல்லுநர்களையும் உடன் அனுப்பியது. 2019இல் இதற்கெனவே அமைக்கப்பட்ட 915ஆவது சைபர் போர் பட்டாலியன் இப்போது 11ஆவது சைபர் பட்டாலியன் எனப்படுகிறது. வலையமைப்புக்குள் ஊடுருவுவதையும், எதிரியின் வானொலி அலைகளைக் கண்டறிந்து முடக்கும் மின்னணுப் போரையும் இதன் சிறு குழுக்கள் சேர்த்தே செய்கின்றன.

கருவியைவிடக் கடினமானது அதிகாரச் சிக்கல். பீரங்கிக் குண்டு விழும் இடத்தைக் களத்தளபதியால் கணிக்க முடியும். வலையமைப்பில் ஏவப்படும் நிரலோ மருத்துவமனை வரை பரவக்கூடும் என்பதால், பெரும் விளைவுகளை உண்டாக்கும் தாக்குதல்களுக்கு அதிபரின் ஒப்புதல் வேண்டும் என்று 2012இல் விதிக்கப்பட்டு, 2018இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. மேலும், ஊடுருவலுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் தேவைப்படலாம். முன்னணியிலோ நிமிடங்களில் முடிவெடுக்க நேர்கிறது.

ஆகவே இந்த சைபர் குழுக்களால் முன்னணிப் படைக்குக் கிடைக்கும் முதன்மையான பயன் தாக்குதல் அல்ல, மறைவு என்றே கொள்ள வேண்டும். உருமறைப்பு வலைக்குள் கட்டளைக் கூடாரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவிடலாம். ஆனால் உள்ளே பேசும் ஒவ்வொரு வானொலியும், சட்டைப்பையில் கிடக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் அலைகளை உமிழ்ந்து, அலை உணரும் கருவிக்கு அந்த இடத்தை இருட்டில் எரியும் விளக்கைப்போலக் காட்டிவிடும். தன் படை எதிரிக்கு எப்படித் தெரிகிறது என்பதைத் தளபதிக்கு உடனிருந்து காட்டுவதே இக்குழுவினரின் தலையாய பணி.

2023 புத்தாண்டின் முதல் நிமிடங்களில், உக்ரைனின் மக்கீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை ஏவுகணைகள் தாக்கின; அதில் 89 பேர் உயிரிழந்ததாக அறிவித்த ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், தடையை மீறி வீரர்கள் கைப்பேசிகளைப் பயன்படுத்தியதே முதன்மைக் காரணம் என்று தெரிவித்தது.