தரை விமானம் கடலுக்குச் சென்றால்

மும்பைத் தமிழர்க்கு விமானந்தாங்கிக் கப்பல் புதிய செய்தியன்று. 1961 நவம்பரில் இந்நகரத் துறைமுகத்தை வந்தடைந்த பழைய ‘விக்ராந்த்’ 1997இல் ஓய்வு பெற்றது. பின்னர் அது காட்சிக்கூடமாக நின்ற நாளில் ஏறிப் பார்த்தவர் தாராவியிலும் மாதுங்காவிலும் பலர் உளர். அவர்களுள் சிலர் என்னைக் கேட்பதுண்டு: “ஏன் தம்பி, விமானப் படைக்கென நாமே செய்த தேஜஸைக் கப்பலிலும் ஏற்றிவிட்டால் என்ன?”

நல்ல கேள்வி. இயற்பியல் மாணவன் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன்.

முதலில் இறங்குதலைப் பார்ப்போம். தரையில் விமானி மூக்கைச் சற்றே உயர்த்தி மெல்லத் தொடுகிறார். ஓடி நிற்க நீண்ட பாதை உண்டு. கப்பலிலோ குறித்த இடத்தில் தொட்டாக வேண்டும். எனவே விமானம் தளத்தின்மேல் விழுவது போலவே இறங்குகிறது. கீழ்நோக்கிய வேகம் இருமடங்கானால், சக்கரக் கால்கள் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும்! அடுத்த நொடியில், வால்புறக் கொக்கி தளத்தின் குறுக்கேயுள்ள எஃகு வடத்தைப் பற்றி, சுமார் 90 மீட்டருக்குள் விமானத்தை நிறுத்துகிறது. தொடும் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், அந்த இழுப்பு விமானத்தின் எடையைப்போல் இரண்டரை மடங்கு வருகிறது. ஆகவே கால்களையும் உடற்கூட்டையும் வலுப்படுத்த வேண்டும்.

வலுவைச் சேர்த்தால் எடையும் சேரும். இங்கேதான் சிக்கல். நம் கப்பல்களில் விமானத்தை உந்தி எறியும் பொறி இல்லை. முன்முனையில் மேல்நோக்கி வளைந்த தளமே அதனை வானில் ஏவுகிறது. எஞ்சிய வேகத்தை விமானம் தன் இயந்திர வலிமையால் அந்தரத்திலே பெறவேண்டும். தேஜஸுக்கு இயந்திரம் ஒன்றே. எடை கூடக் கூட, எரிபொருளையும் படைக்கலத்தையும் குறைத்தாக வேண்டும். அவை குறைந்த போர் விமானத்தால் பயன் என்ன?

நம் பொறியியலாளர் இதனை அறியாதவரல்லர். விமானி தளத்தைக் காணும்பொருட்டு மூக்கைத் தாழ்த்தினர். வேகம் குறைந்தபோதும் விமானம் மிதக்க, இறக்கையின் அடிப்புற முன்விளிம்பில் அசையும் பலகைகளை அமைத்தனர். ஆயினும் 2016 டிசம்பரில், இவ்விமானம் தன் தேவைக்குப் போதாது என்று கடற்படை அறிவித்தது.

முயற்சி நின்றுவிடவில்லை. கோவாவில் தரைமீது அமைந்த சோதனைத் தளத்தில் 2019 செப்டம்பர் 13இல் தேஜஸ் வடம் பற்றி நின்றது. 2020 சனவரி 11இல் ‘விக்கிரமாதித்யா’ கப்பலிலும், 2023 பிப்ரவரியில் கொச்சியில் கட்டிய புதிய ‘விக்ராந்த்’திலும் இறங்கியது.

“வாங்காத விமானத்திற்கு இத்தனை செலவா?” எனலாம். 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் விமானங்களுக்குப் பிரான்சுடன் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த ரஃபேல், தரை கடல் இரண்டையும் தொடக்கத்திலேயே எண்ணி வரையப்பட்டது. தேஜஸ் கற்பித்ததும் அதுவே: கடல் விமானத்திற்குக் கடலை முதற்கோட்டிலேயே நினைக்க வேண்டும். கப்பலுக்கென்றே வரையப்படும் நம் இரட்டை இயந்திர விமானம் அப்பாடத்தின் மீது எழுவது. வடத்தின் இழுப்பையும் கால்களின் அதிர்ச்சியையும் நாமே அளந்து பெற்ற அறிவை எவரிடமும் விலைக்கு வாங்க இயலாது. ஆகவே அச்செலவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.